அலுமினிய பெயின்ட் அடித்த கைத்துப்பாக்கி

“பிளாஸ்டிக் உடல் கொண்ட மேற்படி கைத்துப்பாக்கி எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பது குறித்துப் பிரிவு எழுத்தர் மூன்று நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்.”

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை என் மேசைக்கு வந்த குறிப்பு இது. பிரிவு எழுத்தர் நான்தான். என் மேசையில் ஒரு மைக்கூடு, ஒரு பூதக்கண்ணாடி, துப்பாக்கி உரிமப் பதிவேடு, முனை ஒடிந்த ஒரு ஸ்கேல் ஆகியவை இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு உலகத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பொருளின் ஆயுளைக் கணித்துச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நாள். பட்டா மாறுதலுக்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்ட அலுவலகம் அது.

அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. திருவள்ளூர்ப் பக்கம் என்பது போதும். அறுபதுகளின் கடைசியில், வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அங்கே இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயில். வேதியியல் படித்தவள் என்பதை நன்றாக யோசித்து எனக்குப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். பிறகு துப்பாக்கி சீட் காலியானது. உரிமம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் குரலும் பெரிதாக உள்ளவர்கள். அவர்களிடம் பேச்சு வாங்க யாரும் தயாராக இல்லை. “அந்தம்மாகிட்ட குடுங்க சார், ஒரு வாரத்துல அழுதுக்கினு திரும்பி வந்துடுவாங்க” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்பட்டது. நான் திரும்பிப் போகவில்லை. சட்டப் புத்தகத்தையும் விதிகளையும் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு மாதத்தில் மனப்பாடம் செய்தேன். அதன்பிறகு அழுதவர்கள் வேறு ஆட்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை உரிமதாரர்கள் எல்லோரும் துப்பாக்கியோடு அலுவலகத்துக்கு வர வேண்டும். துப்பாக்கியில் பொறித்திருக்கும் நம்பரும் உரிமப் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று எழுத்தர் படித்துப் பார்த்து, பதிவேட்டில் “சரிபார்க்கப்பட்டது” என்று எழுத வேண்டும். அதிகாரி அதன் கீழே கையெழுத்திடுவார். எங்கள் ஊரில் இது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் நடக்கும். கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்கும் பொட்டு வைப்பார்கள். நம்பர் பொறித்த இடம் தட்டையாக, பொட்டு வைக்க வசதியாக இருக்கும். எனவே சந்தனமும் குங்குமமும் நம்பர் மேலேயே ஏறும். சிலர் எலுமிச்சம்பழத்தை அறுத்து அதன் மேலேயே ஒட்டி வைப்பார்கள். ஈரம் இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கும். அடியில் துரு பிடிக்கும். அடுத்த வாரம் அதிகாரி பார்க்கப் போகிறாரே என்று செங்கல் தூளும் புளியும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதைப் போலப் பளபளவென்று தேய்த்துக் கொண்டு வருவார்கள். துருவோடு நம்பரும் கொஞ்சம் போகும். இப்படிப் பத்து இருபது வருஷம். சுட்டுத் தேய்ந்த துப்பாக்கி ஒன்றைக்கூட என் சீட்டில் நான் பார்த்ததில்லை. எல்லாம் கும்பிட்டும் துலக்கியும் தேய்ந்தவை.

கட்டைகளின் கதை இதைவிட மோசம். கரையான் அரித்ததை மரத்துண்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். வெடித்ததைச் செம்புக் கம்பியால் சுற்றியிருப்பார்கள். ஒருவர் மாட்டுத் தோல் வாரால் கட்டிக்கொண்டு வந்தார். இவற்றில் எதுவும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எந்த அதிகாரியும் எந்த எழுத்தரையும் கேட்டதில்லை.

நானும் யோக்கியம் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருஷம் எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததையே நானும் செய்தேன். துப்பாக்கியில் நம்பர் தெரியாவிட்டால் உரிமப் புத்தகத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். புத்தகமும் பதிவேடும் ஒத்துப்போகும், ஏனென்றால் ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்று எழுதப்பட்டது. நடுவில் துப்பாக்கி என்று ஒன்று இருந்ததே எங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அந்தக் கைத்துப்பாக்கி வந்தது.

அதன் உரிமதாரர் திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில், செம்புக் கம்பிச் சுருள் அடுக்கிய கிட்டங்கிக்குக் காவலர். சொந்த ஆயுதமும் உரிமமும் இருந்தால்தான் இனி அந்த வேலை நிலைக்கும். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திங்கள் விடியலில் பஸ் ஏறுவார். வீடு இந்தப் பக்கம் என்பதால் உரிமம் எங்கள் கணக்கில் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் நிறுவ வந்த மேற்கு ஜெர்மனி எஞ்சினியர் போன வருஷம் எங்கள் ஆய்வுக்குப் பிறகு ஊர் திரும்பும்போது, முறைப்படி அனுமதி வாங்கித் தன் கைத்துப்பாக்கியை இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேலிடம் பார்த்து, அனுமதித்து, ஓராண்டுக்கு முத்திரையும் குத்திவிட்டது. இப்போது புதுப்பிக்கும் காலம். மாதக் கடைசிக்குள் புதுப்பித்த உரிமத்தைக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள்.

முதல் முறை அவர் விண்ணப்பத்தோடு வந்தபோதே அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குழலும் மேல் மூடியும் எஃகு. கைப்பிடியும் உடலும் ஒரே வார்ப்பாக, கறுப்பாக, மங்கலாக இருந்தது. நைலான் குடும்பம் என்று தொட்டதும் தெரிந்தது. எஃகு உரசி ஓடும் இடத்தில் எஃகுத் துண்டுகளையே உள்ளே பதித்திருந்தார்கள். உடலில் ஒரு சிறிய உலோகத் தகடு, அதில் நம்பர். பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது. என் சீட்டில் அது எனக்குப் புதிய அனுபவம்.

“இது இன்னா எடை சார்” என்றார். பட்டாளத்துப் பழக்கத்தில் என்னையும் சார் என்றுதான் கூப்பிடுவார். “எடுத்து இடுப்புல வெச்சா இருக்கா இல்லையான்னே தெரியல. கேட்ல நிக்கிற பசங்க ‘இன்னாண்ணா, புள்ள ஊட்டுல தேடாதா’ன்னு கிண்டல் பண்றானுங்கோ.”

“வேலை செய்கிறதா?”

“ஒரு நாள் மழையில முழுக்க நனைஞ்சுது. தொடச்சேன், அவ்ளோதான். பட்டாளத்துல நாங்க வெச்சிருந்தது ஒரு நாள் எண்ணெ போடலைன்னா செவந்துடும்.”

எல்லாம் ஒழுங்காக இருந்தது. குறிப்பு எழுதி அதிகாரியின் மேசைக்கு அனுப்பினேன். அப்போதுதான் மாந்தோப்புக்காரர் உள்ளே வந்தார். அவர் எங்கள் பகுதியில் பெரிய புள்ளி. இரட்டைக்குழல் துப்பாக்கி உரிமம் அவருடையது, அதற்கு முன் அவருடைய அப்பாவுடையது. காவலரின் அப்பா அவர் தோப்பில் கூலிக்காரர். அதிகாரியின் அறைக்குள் உட்கார்ந்து அவர் பேசியது வெளியே என் மேசைவரை கேட்டது. கேட்கட்டும் என்று பேசுகிற குரல்தான்.

“இவங்கப்பன் என் தோப்புல கம்பு வெச்சிக்கினு கிளி ஓட்டினவன். புள்ளைக்கு ஜெர்மன் துப்பாக்கி கேக்குதாம். அதுவும் இன்னா, பிளாஸ்டிக்கு! சோப்பு டப்பா மாதிரி. நாளைக்கு வெடிச்சு நாலு பேர் செத்தா கையெழுத்துப் போட்ட உங்க தலதானே நைனா உருளும்?”

தலை உருளும் என்ற சொல்லுக்கு எங்கள் அதிகாரி எப்போதும் செவிசாய்ப்பவர். மறுநாள் காலை முதலில் சொன்ன அந்தக் குறிப்பு என் மேசைக்கு வந்தது.

மூன்று நாள் எனக்குத் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதில் எழுதினேன். இது துருப் பிடிக்காத பொருள், கரையான் தின்னாத பொருள், எண்ணெயும் மண்ணெண்ணெயும் இதை ஒன்றும் செய்யாது. வருஷக்கணக்காக வெயிலில் போட்டால் ஒருவேளை வெளிறும், வெயிலில் போட்டு வைப்பது எந்த ஆயுதத்துக்கும் நல்லதல்ல. உள்ளே தேயக்கூடியவை எஃகுச் சுருளும் எஃகுப் பாகங்களும்தான், அவற்றை மாற்றலாம். எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை அத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகே யாரும் சொல்ல முடியும். உரிமம் கேட்பது மூன்று ஆண்டுகளுக்கு. விதிகளில் ஆயுதம் எதனால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, அதன் நம்பர் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. இதே கேள்வியைப் பதிவேட்டில் உள்ள மற்ற எல்லா ஆயுதங்களுக்கும் கேட்க அதிகாரி விரும்பினால் அவற்றுக்கும் அறிக்கை தரத் தயாராக இருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று பக்கத்து சீட்காரர் சொன்னார். அதற்காகத்தான் மற்ற வாக்கியங்களையே எழுதினேன்.

அதிகாரி கோப்பின் ஓரத்தில் “ஆய்வு நாளில் நேரில் பார்த்து முடிவு” என்று எழுதினார். ஆய்வு நாள் மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால் வந்தது.

அன்று அலுவலக முற்றத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி நடுவில், நான் பதிவேட்டோடு பக்கத்தில். துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக. முன் வரிசையில் நாற்காலி போட்டு மாந்தோப்புக்காரர். துலக்கிய குழல்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. காவலர் கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தோல் உறையைத் திறந்து, மேசைமேல் வைத்தார்.

வெள்ளி நிறத்தில் ஒரு கைத்துப்பாக்கி.

தொழிற்சாலைக் குழாய்களுக்கு அடிக்கிற அலுமினிய பெயின்ட். குழல், உடல், கைப்பிடி, எல்லாவற்றிலும் கோவில் வாகனத்துக்குப் பூசியதைப் போல அடித்திருந்தார். நம்பர் இருந்த தகட்டின் மேலும். தகடு இருந்த இடமே தெரியவில்லை.

“இன்னாய்யா இது?” என்றார் அதிகாரி.

“பெயின்ட் சார்.” நிமிர்ந்து நின்றார். “பிளாஸ்டிக்கா இருக்குதுன்னுதானே சார் பேஜாரு. இரும்பு மாதிரி இருந்தா கையெழுத்து ஆயிடும்னு... ரெண்டு கோட்டிங் குடுத்தேன் சார்.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாந்தோப்புக்காரர் சிரிக்கவில்லை, நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நம்பர் எங்க? நம்பர அழிச்சிருக்கான் பாருங்க. இது கேஸு நைனா. இப்பவே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்க.”

அவர் சொன்னதில் சட்டம் இருந்தது, அதுதான் என்னைத் திகிலடையச் செய்தது. ஆயுதத்தின் அடையாள எண்ணை அழிப்பது குற்றம். அதுவரை அந்த மனிதர் இழக்க இருந்தது ஒரு வேலை. இப்போது சிறை. அந்த எளிய மனிதர் தானே தூரிகை பிடித்து, இரண்டு கோட்டிங் அடித்து, தன் மேல் வழக்கைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன நடந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. பட்டாளத்து விறைப்பு அப்படியே இருந்தது, கைவிரல்கள் மட்டும் கால்சட்டைத் தையலைத் தடவிக்கொண்டிருந்தன.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “ரிப்போர்ட் எழுதுங்கம்மா. நம்பர் அழிக்கப்பட்டதுன்னு.”

“அழித்ததா மறைத்ததா என்று பார்க்காமல் எழுத முடியாது சார்” என்றேன்.

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

“அழித்தால் திரும்ப வராது. மறைத்தால் வரும். உங்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம். நீங்கள் சாட்சி, இவர்கள் எல்லோரும் சாட்சி.”

அவர் பதில் சொல்வதற்குள் டவாலி பியூனைக் கூப்பிட்டு, சைக்ளோஸ்டைல் மெஷின் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயையும் துணியையும் கொண்டுவரச் சொன்னேன். குண்டு இல்லை என்பதைத் திறந்து காட்டும்படி காவலரிடம் சொல்லி, அதிகாரியும் பார்த்த பிறகு கையில் எடுத்தேன்.

நைலான் மேல் பெயின்ட் பிடிக்காது. கைப்பிடியில் நகத்தை வைத்து நெம்பியதும் காய்ச்சிய பாலின் ஆடைபோலப் பட்டையாகச் சுருண்டு வந்தது. அடியில் அதே கறுப்பு, ஒரு கீறல் இல்லை. தகட்டின் மேல்தான் அடம் பிடித்தது. முந்தாநாள் அடித்த பெயின்ட், முழுசாக இறுகவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நான் தேய்க்கத் தேய்க்க, வரிசையில் இருந்தவர்கள் மேசையை நெருங்கி வந்தார்கள். இளநிலை எழுத்தர் ஒருத்தி கும்பலுக்கு நடுவே கைத்துப்பாக்கி துலக்குவதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பாத்திரம் துலக்குவதைவிட அது ஒன்றும் கடினமானதல்ல.

முதலில் ஒரு ஏழு தெரிந்தது. பிறகு மற்றவை.

“படியுங்கள் சார்” என்று அதிகாரியிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். நான் உரிமப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்தேன். கடைசி எண் வரை சரியாக இருந்தது. பதிவேட்டில் “அதிகாரி முன்னிலையில் நம்பர் ஆயுதத்திலிருந்தே படித்துச் சரிபார்க்கப்பட்டது” என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். பேனா அவர் கையில் தயங்கியது.

“பிளாஸ்டிக்காச்சேம்மா” என்றார் தணிந்த குரலில்.

“ஆமாம் சார். நம்பர் தெரிகிற பிளாஸ்டிக். அடுத்தது?”

அடுத்தது மாந்தோப்புக்காரர். இரட்டைக்குழலை அவர் ஆள் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கட்டையில் செம்புக் கம்பிச் சுற்று, குழலில் ஆயுத பூஜைக் குங்குமத்தின் மிச்சம். அதே துணியால் துடைத்தேன். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கண்ணாடியை அதிகாரியிடம் கொடுத்தேன்.

“படியுங்கள் சார்.”

அவர் குனிந்தார். துப்பாக்கியைத் திருப்பி வெயிலுக்குக் காட்டினார். மறுபடி குனிந்தார். ஒரு மூன்று இருக்கலாம், அல்லது எட்டு. மற்றது எல்லாம் வழவழப்பு.

“வருஷா வருஷம் பாக்கறதுதானே? போட்டுக் குடும்மா” என்றார் மாந்தோப்புக்காரர். “போன வருஷம் நீதானே எழுதின, சரியா இருக்குதுன்னு?”

“நான்தான் எழுதினேன். அதற்கு முந்தின வருஷமும். இரண்டு முறையும் துப்பாக்கியைப் பார்க்காமல் உங்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்” என்றேன்.

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். “இன்னாம்மா பேசறீங்க? யோசிச்சுப் பேசுங்க.”

யோசித்துதான் பேசினேன். அந்த இரண்டு வரிகளும் என் கையெழுத்தில் இருந்தன. பொய்ச் சான்று எழுதியவள் என்று என்னை நானே முற்றத்தில் சொல்லிக்கொள்ளாமல், வழவழப்பான அந்த இரும்பை ஒருவர் எடுத்துப்போவதும் கறுப்பு நைலானுக்காக இன்னொருவர் சிறைக்குப் போவதும் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அன்று மாலையே எழுத்து மூலமும் கொடுத்தேன். அதற்காக ஒரு கண்டனம் என் பணிப்பதிவேட்டில் ஏறியது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து காரணம் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதிலை எழுதினேன்: குற்றச்சாட்டு உண்மை, நடவடிக்கை சரி, அன்று செய்ததை இன்றும் செய்வேன். மூன்றையும் ஒரே கோப்பில் படிப்பது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது.

“நம்பர் படிக்க முடிந்தால் நீங்கள் எழுதுங்கள் சார்” என்று பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். “உங்கள் கையால். நான் தேதி போடுகிறேன்.”

அவர் எழுதவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு நம்பரை எண் எண்ணாகப் படித்தவர் அவர். இந்த நம்பரையும் அவர் படிப்பார் என்று வரிசை முழுக்கக் காத்திருந்தது. அவர் தலையைப் பற்றி அவருக்கு அக்கறை இருந்தது என்று முன்பே சொன்னேன். காவலரின் பதிவுக்குக் கீழே முதலில் கையெழுத்திட்டார், பிறகு புதுப்பித்த உரிமத்தில். இரட்டைக்குழலைப் பார்க்காமலே, “விதிப்படி இன்னா செய்யணுமோ செய்யுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போனார்.

உரிமப் புத்தகத்தைக் காவலரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. “மை காயலையே சார்” என்றார். காயும்வரை மேசை முன்னாலேயே விறைப்பாக நின்றார். பிறகு சட்டைப் பைக்குள் வைத்து, பித்தானைப் போட்டார். கைத்துப்பாக்கியில் மிச்சமிருந்த அலுமினிய பெயின்டைக் காட்டி, “இத நான் உரிச்சுடட்டா, வேணாமா?” என்று கேட்டார்.

“இங்கேயே உரித்துவிட்டுப் போங்கள்” என்றேன். மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, வேர்க்கடலை உரிப்பதுபோல உரித்தார். மதியப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். நன்றி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அவருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

மாந்தோப்புக்காரர் நாற்காலியிலேயே இருந்தார். அடையாளம் உறுதிப்படாத ஆயுதத்தை உரிமதாரர் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பழைய வாங்கல் சீட்டு, முதல் உரிமம் எல்லாம் தேடி எடுத்து, மேலிடம் பார்த்து, மறுபடி நம்பர் பொறிக்க உத்தரவு வரும்வரை அது ஒப்படைப்பில் இருக்க வேண்டும். அதற்கான ரசீதை இரண்டு படிகளில் எழுதினேன். துப்பாக்கியின் விவரம், கட்டையின் நிலை, செம்புக் கம்பியில் எத்தனை சுற்று என்பதுவரை. எழுதி முடித்து, கையெழுத்திடும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு, அவர் முன்னால் நீட்டினேன்.

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?” என்றார்.

“உரிமதாரர்” என்றேன். “இங்கே போடுங்கள்.”

“போடலைன்னா?”

“போட மறுத்தார் என்று எழுதி, இரண்டு சாட்சி வாங்கிக்கொள்வேன். சாட்சிக்கு இங்கே ஆள் நிறைய.”

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து, அவரவர் குழலில் நம்பர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேடிக்கொண்டிருந்தார்கள். பேனாவுக்குக் கையை நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன். மை நிரப்பித்தான் வைத்திருந்தேன்.